குடிபோதை கேஸ் இருந்தால் கார் இன்சூரன்ஸ் கூடுமா? 8,704 கட்டிய இடத்தில் 12,291 கேட்கிறார்கள்

அரசலாற்றுக்காரன்:

வணக்கம். கும்பகோணம் பக்கம் கிராமம், விவசாயம்தான் தொழில். எதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் சரியான பதில் கிடைக்கும். இந்த வருடம் தை மாதம் காரைக்காலில் நண்பன் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது பேரளம் தாண்டி வண்டியை நிறுத்தி ஊதச் சொன்னார்கள். 84 காட்டியது. 100 மி.லி. ரத்தத்தில் மது 30 மில்லிகிராம் தாண்டினாலே கேஸ் என்று அப்போதுதான் தெரியும். வண்டியை அங்கேயே எடுத்துக்கொண்டார்கள், கோர்ட்டில் 10,000 ரூபாய் கட்டினேன், லைசென்ஸை ஆறு மாதம் முடக்கினார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால் அதிவேகத்துக்கு ஒரு கேஸும் உண்டு. குடித்துப் பிடிபட்ட அன்றைக்கு யார் மேலும் மோதவில்லை, அது என் புண்ணியம் இல்லை, தெய்வத்தின் புண்ணியம். அந்த ராத்திரியிலிருந்து குடிப்பதை விட்டுவிட்டேன்.

இப்போது லைசென்ஸ் திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் ஆனி மாதமே பாலிசி முடிந்துபோயிருந்தது. வண்டிதான் கொட்டகையில் நிற்கிறதே, ஓட்டவும் முடியாது, எதற்குக் கட்டுவது என்று விட்டுவிட்டேன். இப்போது ஐப்பசியில் முகவரிடம் போனால், போன வருடம் 8,704 கட்டியதற்கு இந்த வருடம் 12,291 என்கிறார். ஏன் என்றால், "உங்க மேல கேஸ் இருக்குல்ல, கம்பெனி ஏத்திடுச்சு" என்கிறார். பாலிசியை மனைவி பெயருக்கு மாற்றிப் போட்டால் குறையும் என்றும் ஒரு யோசனை சொன்னார். வண்டி 2020 மாடல், 1,197 சிசி, இதுவரை ஒரு கிளெய்ம்கூட எடுத்தது கிடையாது.

கேட்க நினைப்பது இதுதான். கேஸ் இருந்தால் நிஜமாகவே பிரீமியம் கூடுமா? நாளைக்கு ஒரு விபத்து என்றால் இந்தப் பழைய கேஸைக் காட்டிப் பணம் தர மாட்டோம் என்பார்களா? வெறும் தேர்ட் பார்ட்டி (நம் வண்டியால் பாதிக்கப்படுகிற மற்றவர்களுக்கான காப்பீடு) மட்டும் போட்டுக்கொண்டால் போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ராத்திரி தூக்கம் வரவில்லை.

தஞ்சை முகவர்:

தம்பி, நான் 19 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். உங்கள் முகவர் சொன்ன காரணம் தப்பு. பழைய பாலிசித் தாளையும் புதுக் கணக்குத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "நோ கிளெய்ம் போனஸ்" என்ற வரியை, அதாவது கிளெய்ம் எடுக்காத வருடங்களுக்காகத் தரும் தள்ளுபடியை, மட்டும் பாருங்கள். பழையதில் 45 சதவீதம் கழித்திருக்கும், புதியதில் சைபர் இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் அந்த போனஸ் மொத்தமும் போய்விடும். நீங்கள் ஆனியில் விட்டதை ஐப்பசியில் கேட்டால் 90 நாள் எப்போதோ தாண்டியாயிற்று. கணக்கைப் போட்டே காட்டுகிறேன். போன வருடம் உங்கள் வண்டியின் சேதத்துக்கான பிரீமியம் 7,200 இருந்திருக்கும், 45 சதவீதம் போக 3,960. அதோடு தேர்ட் பார்ட்டி 3,416, ஆக 7,376. அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 8,704, நீங்கள் கட்டிய அதே தொகை. இப்போது வண்டிக்கு ஒரு வயது கூடியதால் 7,000, போனஸ் இல்லை, தேர்ட் பார்ட்டி அதே 3,416, மொத்தம் 10,416, வரியோடு 12,291. கேஸுக்கென்று இதில் ஒரு ரூபாய் கிடையாது. நாள் தவறாமல் புதுப்பித்திருந்தால் இந்த வருடம் போனஸ் 50 சதவீதம் ஆகியிருக்கும், 8,161-ல் முடிந்திருக்கும். கொட்டகையில் நிற்கிற வண்டிக்கும் பாலிசியை ஓடவிட வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சண்டை போடுவது இதற்குத்தான். 20, 25, 35, 45, 50 என்று ஐந்து வருடம் கிளெய்ம் எடுக்காமல் ஏறிய படியிலிருந்து நான்கே மாதத்தில் கீழே வந்துவிட்டீர்கள்.

தேர்ட் பார்ட்டி கட்டணம் எந்தக் கம்பெனி கையிலும் இல்லை, அரசாங்கம் வைப்பது. 2022 ஜூன் 1 முதல் 1,000 சிசி வரை 2,094, அதற்கு மேல் 1,500 சிசி வரை 3,416, அதற்கும் மேல் போனால் 7,897. இன்ஜினைத்தான் பார்க்கிறார்களே தவிர ஓட்டுகிறவர் யார் என்று பார்ப்பதில்லை. சேதத்துக்கான பகுதி மட்டும் 2007-லிருந்து கம்பெனிகள் இஷ்டம். பழைய கிளெய்ம்கள், வண்டியின் வயது, ஊர் எல்லாவற்றையும் வைத்துக் கூட்டிக் குறைப்பார்கள், அதனால் நான்கு இடத்தில் விலை கேளுங்கள், 1,500 ரூபாய் வரை வித்தியாசம் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

போக்குவரத்துக் கேஸையும் பிரீமியத்தையும் முடிச்சுப்போட வேண்டும் என்று, இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அமைத்த குழு ஒன்று 2021-ல் பரிந்துரைத்தது. குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தப்பான இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளி, அதற்கேற்ப தனியாக ஒரு பிரீமியம், முதலில் டெல்லியில் சோதனை என்று திட்டம். நம் பக்கம் பாலிசித் தாளில் அப்படி ஒரு வரி வந்ததில்லை. வந்தால் நல்லதுதான் என்பேன், ஒழுங்காக ஓட்டுகிறவன் எதற்கு மற்றவனுக்காகக் கட்ட வேண்டும்?

அப்புறம் மனைவி பெயர் யோசனை. ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் பாலிசி. வண்டி உங்கள் பெயரிலும் பாலிசி வீட்டுக்கார அம்மா பெயரிலும் இருந்தால் கிளெய்ம் வரும்போது முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள்.

நாகை வக்கீல் குமாஸ்தா:

முகவர் ஐயா பிரீமியத்தைச் சொல்லிவிட்டார். நான் பணம் கிடைக்குமா கிடைக்காதா என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் கேட்டவர் பயப்பட வேண்டிய இடம் அதுதான்.

பழைய கேஸ் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் புது விபத்தின் கிளெய்மை மறுக்க முடியாது. விபத்து நடந்த நிமிடத்தில் ஓட்டியவர் எந்த நிலையில் இருந்தார், கையில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்ததா, இதைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். ஆனால் அந்த இரண்டில் ஒன்று தப்பினாலும் உங்கள் வண்டிக்கான பணம் வராது. பாலிசியிலேயே அச்சடித்திருக்கும்: மது அல்லது போதையில் ஓட்டினால் சேதத்துக்குப் பொறுப்பில்லை, லைசென்ஸ் தகுதி நீக்கப்பட்டவர் ஓட்டினாலும் பொறுப்பில்லை. நீங்களே ஓட்ட வேண்டும் என்றில்லை, உங்கள் சம்மதத்தோடு வேறு ஒருவர் குடித்துவிட்டு ஓட்டினாலும் இதே கதைதான்.

ஊதவே இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை, எப்படி நிரூபிப்பார்கள் என்று சிலர் கேட்பார்கள். 2007-ல் டெல்லி இந்தியா கேட் பக்கம் ஒரு போர்ஷே கார் மோதிக் கவிழ்ந்து எரிந்தது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. பரிசோதனை இல்லாவிட்டாலும் மற்ற சூழ்நிலைகளை வைத்துக் கம்பெனி போதையை நிரூபிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். வண்டிக்கான பணம் கிடைக்கவில்லை.

இனி மூன்றாம் நபர். அடிபட்டவருக்கு நஷ்டஈட்டைக் கம்பெனி முதலில் கட்டும், ஏனென்றால் தப்பு அவருடையது இல்லை. கட்டிய பிறகு வண்டிக்காரரிடமிருந்து வசூலித்துக்கொள்ள மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் அனுமதி கொடுக்கும். இதை நாங்கள் "பே அண்ட் ரெகவர்" என்போம். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 150-ஆவது பிரிவிலேயே, கம்பெனி பொறுப்பை மறுக்கும் காரணங்களில் குடிபோதையும் வந்துவிட்டது. அப்படி வசூலிக்கக் கம்பெனி தனியாக வழக்குப் போடத் தேவையில்லை, அதே தீர்ப்பாயத்தில் நிறைவேற்று மனு போட்டால் போதும் என்று 2004-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனுவோடு சொத்து விவரம் வரும். எங்கள் பக்கம் சொத்து என்றால் நிலம்தான்.

தம்பி, இன்னொன்றும் மனதில் வையுங்கள். குடித்துவிட்டு ஓட்டுவதற்கான 185-ஆவது பிரிவில் இரண்டாவது முறை சிக்கினால் 15,000 ரூபாய் அபராதம், இரண்டு வருடம் வரை சிறைக்கும் இடம் உண்டு. லைசென்ஸ் முடக்கத்தில் இருக்கும்போது ஓட்டினால் அதற்கே தனியாக 10,000.

மன்னை 614001:

குமாஸ்தா சார் சொன்னது எங்கள் வீட்டில் நடந்தது. எழுத வேண்டாம் என்று இருந்தேன், ஆனால் கேட்டவர் தூக்கம் வரவில்லை என்று எழுதியதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

2017. என் சித்தப்பா காரை அவருடைய சிநேகிதர் ஒருவர் கேட்டார், நீடாமங்கலம் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று. சித்தப்பா சாவியைக் கொடுத்தார். அந்த சிநேகிதருக்குக் குடித்துவிட்டு ஓட்டி லைசென்ஸ் முடங்கியிருந்தது சித்தப்பாவுக்குத் தெரியும், "பக்கத்துலதானே" என்று கொடுத்துவிட்டார். ராத்திரி எட்டு மணிக்கு, நடவு முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மனிதரை இடித்துவிட்டார். அவருக்கு 38 வயது. இரண்டு பெண் பிள்ளைகள். சைக்கிள் ஹேண்டிலில் மாட்டியிருந்த தூக்குவாளி மட்டும் ஒரு நசுங்கல்கூட இல்லாமல் வாய்க்கால் ஓரம் நின்றதாம், சித்தப்பா இன்றைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்.

தீர்ப்பாயம் 11 லட்சத்து 40 ஆயிரம், 7.5 சதவீத வட்டியோடு கொடுக்கச் சொன்னது. கம்பெனி அந்தக் குடும்பத்துக்கு முழுசாகக் கட்டியது, அது நியாயம், அதில் எங்களுக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. அடுத்த வருடமே சித்தப்பா பெயரில் நிறைவேற்று மனு வந்தது. வட்டி சேர்ந்து 14 லட்சத்தைத் தாண்டியிருந்தது. மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், நஞ்சை போயிற்று, தாத்தா காலத்து நிலம், மதகுக்குப் பக்கத்து வயல். ஓட்டியவர் பெயரில் எந்தச் சொத்தும் இல்லாததால் வசூலுக்கு யாரும் அவர் பக்கம் போகவில்லை.

சித்தப்பா அந்த வருடம் பிரீமியத்தை நாள் தவறாமல் கட்டியிருந்தார். பாலிசி முழு கவரேஜ். எல்லாத் தாளும் சரியாக இருந்தது. சாவியைக் கொடுத்த கை மட்டும்தான் தப்பு. அண்ணே, நீங்கள் குடிப்பதை விட்டுவிட்டீர்கள், சந்தோஷம். உங்கள் வண்டிச் சாவியை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடவாசல் அக்கா:

நான் வேறு ஒரு விஷயம் சொல்கிறேன். ஓட்டுகிற சொந்தக்காரருக்கு 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒன்று இருக்கிறதே, 2018-லிருந்து இந்தத் தொகை. அதுவும் குடித்திருந்தால் கிடைக்காது, லைசென்ஸ் செல்லாவிட்டாலும் கிடைக்காது. வீட்டில் இருக்கிற பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் போய்விட்டால் அந்த 15 லட்சம் வரும் என்று நினைத்துக்கொண்டிருப்போம், பிரேதப் பரிசோதனை அறிக்கையில் மது என்று ஒரு வார்த்தை வந்தால் பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். என் அக்கா வீட்டில் பார்த்துவிட்டேன். தம்பி, உங்கள் மனைவிக்கு இந்த வரியை வாசித்துக் காட்டுங்கள்.

டெக்சாஸில் திருவையாறு:

ஊரில் நடப்பது எவ்வளவு வேறு என்று ஆச்சரியமாக இருக்கிறது. இங்கே பிரீமியம் என்பதே ஓட்டுகிறவரின் ஜாதகம்தான். என்னோடு வேலை பார்க்கிற ஒருவருக்குக் குடிபோதை கேஸில் தண்டனை வந்தது, அதன் பிறகு அவருடைய கம்பெனி பாலிசியைப் புதுப்பிக்கவே இல்லை, ஆபத்தான ஓட்டுநர்களை மட்டும் எடுத்துக்கொள்கிற கம்பெனிக்குப் போய் இரண்டு மடங்குக்கு மேல் கட்டினார். அதோடு எஸ்.ஆர்.-22 என்று ஒரு சான்று. பெயரைக் கேட்டால் தனி இன்சூரன்ஸ் போல இருக்கும், ஆனால் அது இன்சூரன்ஸ் இல்லை. "இவருக்கு எங்களிடம் பாலிசி நடப்பில் இருக்கிறது" என்று கம்பெனி மாநில அரசுக்கு அனுப்புகிற உறுதிக் கடிதம். டெக்சாஸில் தண்டனை தேதியிலிருந்து இரண்டு வருடம் அது நடப்பில் இருக்க வேண்டும், பல மாநிலங்களில் மூன்று வருடம். நடுவில் பாலிசி அறுந்தால் கம்பெனியே அரசுக்குச் சொல்லிவிடும், லைசென்ஸ் மறுபடி போய்விடும். ஃப்ளோரிடாவிலும் வர்ஜீனியாவிலும் குடிபோதை கேஸுக்கு எஃப்.ஆர்.-44 என்று இதைவிடக் கடுமையான ஒன்று, சாதாரண ஆளைவிட அதிகத் தொகைக்கு மூன்றாம் நபர் கவரேஜ் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம், யூடியூபில் "குடிபோதை கேஸ் இருந்தால் இன்சூரன்ஸ் இரண்டு மடங்கு" என்று வருகிற வீடியோ பலவும் அமெரிக்கக் கணக்கு. நம் ஊர் முகவர்களில் சிலர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே சொல்கிறார்கள். இங்கே தண்டனை மாதாமாதம் பிரீமியத்தில் வருகிறது. மன்னைக்காரர் எழுதியதைப் படித்தால் அங்கே ஒரே நாளில் நிலமாகப் போகிறது. எனக்கு இரண்டாவதுதான் பயங்கரமாகத் தெரிகிறது, ஏனென்றால் முன்கூட்டி எச்சரிக்கவே யாரும் இல்லை.

தஞ்சை முகவர்:

மன்னைத் தம்பி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 

கேட்டவரின் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. வெறும் தேர்ட் பார்ட்டி போதுமா? சட்டத்துக்குப் போதும். அதுகூட இல்லாமல் ரோட்டில் ஏற்றினால் முதல் முறை 2,000, அடுத்தமுறை 4,000 அபராதம். ஆனால் நம் பக்கத்து ரோட்டுக்குப் போதாது. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வாய்க்கால், தடுப்புச்சுவர் கிடையாது, அறுப்புக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது தென்னை விழுந்து நசுங்கிய கார்கள் எத்தனை! தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா வரவில்லை, முழு பாலிசி இருந்தவர்களுக்கு வந்தது. 

இன்ஜின் பாதுகாப்பு என்று ஒரு கூடுதல் கவர் உண்டு, அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். போன வருடம் வெண்ணாற்றிலிருந்து பிரிகிற ஒரு வாய்க்காலில் கார் இறங்கிவிட்டது, சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பிய சர்வேயரோடு நானும் போனேன். பானெட்டைத் திறந்தால் ஏர் ஃபில்டர் வரைக்கும் வெங்காயத்தாமரை வேர். சர்வேயர் கேட்ட முதல் கேள்வி, "தூக்கினதுக்கு அப்புறம் ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" அந்தப் பையன் வெள்ளந்தியாக, "ரெண்டு தடவை பண்ணேன் சார்" என்றான். உள்ளே தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருகினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், சாதாரண பாலிசியில் அது உங்கள் செலவு. தண்ணீரில் மாட்டிய வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள், தயவுசெய்து ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

விண்ணப்பத்தில் ஓட்டுநர் விவரம் கேட்கும் இடத்தில், விபத்து ஏற்படுத்தியதற்காக வழக்கோ தண்டனையோ உண்டா என்று ஒரு கேள்வி இருக்கும். உங்கள் கேஸில் விபத்தே இல்லை, அதனால் அந்தக் கேள்விக்கு இல்லை என்பதுதான் உண்மையான பதில். வேறு போக்குவரத்துக் குற்றம் உண்டா என்று தனியாகக் கேட்டால் இரண்டு கேஸையும் எழுதிவிடுங்கள். முகவரை நிரப்பவிட்டுக் கையெழுத்து மட்டும் போடாதீர்கள், பின்னால் பொய் சொன்னது நீங்கள் என்றுதான் ஆகும். நியாயம் இல்லாமல் கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லை என்றால் சென்னையில் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிற ஆம்பட்ஸ்மேன் இருக்கிறார், அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது.

அரசலாற்றுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. தஞ்சை ஐயா சொன்னபடி இரண்டு தாளையும் திண்ணையில் விரித்து வைத்துப் பார்த்தேன். பழையதில் 45, புதியதில் சைபர். முகவரிடம் காட்டியதும், "ஆமா, அதுவும் ஒரு காரணம்தான்" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

வேறு இரண்டு இடத்தில் கேட்டேன். ஒரு இடத்தில் இன்ஜின் கவரோடு சேர்த்து 12,080-க்கு முடிந்தது. என் பெயரில்தான். விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். அதில் விபத்தைப் பற்றி மட்டும்தான் கேட்டிருந்தது, இருந்தாலும் கேஸ் விவரத்தை வாயால் சொன்னேன், அந்தப் பெண் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டார்.

குடவாசல் அக்கா எழுதியதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து கார் சாவியை ஆணியிலிருந்து எடுத்து பீரோவுக்குள் வைத்தாள், கேட்கிறவர்களுக்குக் கொடுக்க இனி அவளைத்தான் கேட்க வேண்டும் என்று. மன்னைத் தம்பி, உங்கள் சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

பாலிசி நடுவில் அறுந்திருந்ததால் வண்டியைப் பார்க்க இன்று காலை ஒரு பையன் வந்தான். கொட்டகையில் வைக்கோல் தூசியைத் துடைத்து நாலாபக்கமும் படம் எடுத்தான், சேஸிஸ் எண்ணைப் படம் எடுத்தான், கண்ணாடியை வீடியோ எடுத்தான். இன்று ராத்திரி 12 மணியிலிருந்து பாலிசி அமல் என்று சாயங்காலம் செய்தி வந்தது. நாளைக்கு விதைநெல் எடுக்க ஆடுதுறை போக வேண்டும், விடிந்த பிறகுதான் வண்டியை வெளியே எடுக்கப் போகிறேன்.